பெட் ஒன்பதுக்கும் ஒரு பெயர் உண்டு

நர்ஸ் வேலையில் இருபத்தெட்டு வருஷம் ஓட்டினால் நம் கால் நரம்பெல்லாம் சுருண்டுபோகும். அடுத்தவர் கை நரம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். அப்படித்தான் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்கள் மகள் வயதில் ஒரு பெண் வேலைக்கு வந்து, நீங்கள் செய்கிற அதே வேலையை வேறு மாதிரி செய்து, உங்கள் ரத்தக்கொதிப்பை ஏற்றியிருக்கிறாளா? ஆபீசோ, பள்ளிக்கூடமோ, பாண்டிபஜார் துணிக்கடையோ, எங்கே இருந்தாலும் நீங்கள் என் கட்சி. உட்காருங்கள், சொல்கிறேன்.

என் பெயர் சாந்தா. வயது ஐம்பத்திரண்டு. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி ஜெனரல் வார்டுக்கு நான்தான் இன்-சார்ஜ். பதினான்கு படுக்கைகள். ஒன்று முதல் ஏழு வரை ஆண்கள், எட்டு முதல் பதினான்கு வரை பெண்கள். நடுவில் ஒரு தடுப்பு, ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நான்.

உங்க பேரு என்ன?

டியூட்டி மாறும்போது ஹேண்டோவர் என்று ஒன்று உண்டு. போகிறவர்கள் வருகிறவர்களிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலவரத்தையும் ஒப்படைக்க வேண்டும். அதைக் காகிதமே இல்லாமல் சொல்வது என் பெருமை. "பெட் மூணு, ஹெர்னியா, நாளைக்கு வீட்டுக்கு. பெட் ஆறு, காய்ச்சல் இன்னும் இறங்கல. பெட் ஒன்பது, சுகர், மூணு வேளை இன்சுலின்." பதினான்கையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். பெயர் எதற்கு? நோயாளி வருவார், போவார். படுக்கை எங்கே போகப்போகிறது?

இந்த வார்டுக்குத்தான் யாழினி வந்தாள். வயது இருபத்து மூன்று. விழுப்புரம் பக்கம் சொந்த ஊர், அடையாறில் ஹாஸ்டல். ஆறு மாத ப்ரொபேஷன். ஐந்தாம் மாதம் முடிவதற்குள் இன்-சார்ஜ் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும். அதன் அடியில் 'தொடரலாம்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டங்கள். 'வேண்டாம்' என்பதில் டிக் விழுந்தால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரியில் முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கேயும், ஏன் அனுப்பினார்கள் என்று கேட்பார்கள். அந்த டிக் என் பேனாவில் இருந்தது. ஏற்கெனவே இரண்டு பெண்களுக்கு 'வேண்டாம்' போட்ட பேனா அது.

வந்த முதல் வாரமே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஒரு மாத்திரை கொடுப்பதற்குக்கூட நோயாளியிடம், "உங்க பேரு என்ன?" என்று கேட்பாள். பெயர் எழுதிக் கையில் கட்டியிருக்கும் பட்டையைத் திருப்பிப் பார்ப்பாள். அப்புறம்தான் மாத்திரையைப் பிரிப்பாள். காலையில் பார்த்த அதே ஆளிடம் மத்தியானமும் அதே கேள்வி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மண்டையில் எதுவும் நிற்பதில்லை, எல்லாவற்றையும் போனில் போட்டு வைத்துப் பழகிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பெட் நாலில் மயிலாப்பூர்க்காரர், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். அவர்தான் என் மனதில் இருந்ததை எனக்காகச் சொன்னார்: "ஏம்மா, காத்தாலேர்ந்து மூணு தரம் என் பேரைக் கேட்டுட்டே. இன்னொரு தரம் கேட்டேன்னா நான் பேரையே மாத்திண்டுடுவேன்."

டீ பிரேக்

ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு சாமான் அறைக்குள் போனால், யாழினி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. இது மாதிரிப் பிடிபடும்போது எங்கள் காலத்தில் என்ன செய்வோம்? போனே கிடையாது, சரி. ஆனால் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்துவிட்டால் உடனே எழுந்து பஞ்சு உருட்டுவோம். உருட்டிய பஞ்சையே பிரித்து மறுபடியும் உருட்டிய நாட்கள் உண்டு.

"என்ன பாத்துட்டிருக்கே?" என்றேன். ஏதாவது மருந்தின் அளவைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று பொய் சொல்வாள், ரிப்போர்ட்டில் எழுதலாம் என்று காத்திருந்தேன். "ரீல்ஸ் சிஸ்டர். ஒரு பூனை பூஜை ரூம்ல புகுந்துடுச்சு" என்று போனை என் பக்கம் திருப்பினாள். நான் பூனையைப் பார்க்க மறுத்தேன். டியூட்டி நேரத்தில் ரீல்ஸா என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் நின்றபடியே பேசினேன். முழங்கால் வலித்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் தன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினாள். "இது டீ பிரேக் சிஸ்டர், பதினஞ்சு நிமிஷம். உங்களுக்கும் சேத்துதான் குடுத்திருக்காங்க, உக்காருங்க."

செவுள்

ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து கஸ்தூரி என்று ஒரு அம்மாள் வந்து சேர்ந்தார். பெசன்ட் நகர் கடற்கரையோரம் மீன் விற்கிறவர். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு, உடம்பில் தண்ணீரே இல்லை. ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும். யாழினி ஊசியோடு போனதும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "பெரிய சிஸ்டர கூப்டு. இந்தப் பொண்ணு கைல குடுத்தா என் கைய சல்லட ஆக்கிடும்" என்று வார்டே கேட்கக் கத்தினார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. யாழினியை ஓரம் போகச் சொல்லிவிட்டு, "பாத்துக்கோ, நரம்பு எப்படிப் பிடிக்கறதுன்னு" என்ற பார்வையோடு உட்கார்ந்தேன். முதல் குத்து, ரத்தம் வரவில்லை. இரண்டாவது குத்து, நரம்பு நழுவிக்கொண்டது. கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது குத்துக்கு எனக்கே தைரியம் வரவில்லை. யாழினி மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் கையை ஒரு நிமிஷம் தொங்கப் போட்டு, வெந்நீர்த் துணியை வைத்து, விரலால் தடவி, ஒரே குத்தில் ஏற்றிவிட்டாள். நரம்பு தண்ணீர் இல்லாமல் வற்றிப்போயிருந்தது என்று நான் விளக்கம் சொன்னேன். மேஜையில் மறந்து வைத்துவிட்டு வந்த என் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கஸ்தூரிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "கண்ணாடி போட்டுக்கினு வா சிஸ்டரு. எங்கிட்ட மீனு வாங்கற கெயவிங்க கூட கண்ணாடி போட்டுக்கினுதான் செவுள தூக்கிப் பாக்குதுங்க."

சித்தப்பாவின் மரணங்கள்

அடுத்த மாதம் மூன்று சனிக்கிழமைகள் லீவு வேண்டும் என்று யாழினி ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று இருந்தது. "என்ன சொந்த வேலை?" என்றேன். "பர்சனல் சிஸ்டர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் பதில் சொல்வோமே, அப்படி.

எனக்குப் பொறுக்கவில்லை. லீவு கேட்பதில் ஒரு மரியாதை வேண்டாமா? நாங்கள் எல்லாம் மேலதிகாரியை மதித்துப் பொய் சொன்னவர்கள். என் சித்தப்பா மட்டும் மூன்று முறை இறந்திருக்கிறார். முதல் முறை என் தோழியின் கல்யாணத்துக்காக. மூன்றாம் முறை தங்கையின் வளைகாப்புக்காக. இரண்டாவது முறை எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நிற்போம். இன்-சார்ஜும் பொய் என்று தெரிந்தே உச்சுக்கொட்டுவார். அதுதான் முறை. இவள் என்னவென்றால் யாரையும் சாகடிக்காமலே லீவு கேட்கிறாள்.

இதையெல்லாம் மல்லிகா அக்காவிடம் கொட்டினேன். மல்லிகா அக்கா எங்கள் வார்டு ஆயா. என் வயதுதான். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் இருந்த வீட்டை எடுத்துவிட்டு பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுவார். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்க சித்தப்பாவ போன மாசம் மாம்பலம் மார்க்கெட்டாண்ட பாத்தேன் சிஸ்டரு. நல்லாத்தான் கீறாரு."

பின்னால் விழும் கையெழுத்து

இப்போது கொஞ்சம் தொழில் விஷயம். இன்சுலின் பொல்லாத மருந்து. அளவு தப்பினாலும் ஆள் தப்பினாலும் சர்க்கரை சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு நர்ஸ்கள் மருந்து, அளவு, ஆள் மூன்றையும் பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். நடப்பு வேறு. ஒருவர் போய்ப் போட்டுவிட்டு வருவார். இரண்டாவது கையெழுத்து பின்னால், டியூட்டி முடிகிற நேரத்தில், எல்லாக் காகிதத்திலும் மொத்தமாக விழும். வேலை நெரிக்கும்போது யார் யாரோடு ஊர்வலம் போவது? உன்னை நம்புகிறேன் என்பதுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் என்று நாங்கள் வைத்திருந்தோம். நான் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன், எனக்கு எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் மாதக் கடைசி வாரம். பெட் ஒன்பதில் கல்யாணி மாமி. மயிலாப்பூர் மாட வீதிக்காரர், எழுபது வயது, பழைய சர்க்கரை. இன்சுலினை நானே போட்டுவிட்டு வந்து, காகிதத்தை யாழினியிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். திருப்பி மேஜையில் வைத்தாள். வைத்த விதத்தில் ஒரு அவமரியாதையும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "என்ன, என் மேல நம்பிக்கை இல்லியா?" என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் யாரிடமும் நான் கேட்டிராத கேள்வி அது. டியூட்டியில் இருந்த மற்ற இரண்டு நர்ஸ்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்தே ரிப்போர்ட்டை எழுதினேன். 'மூத்தவர்களுடன் ஒத்துழைப்பு: இல்லை.' 'வேண்டாம்' என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக். எழுதும்போது அவள் சொன்ன பதில் காதிலேயே இருந்தது: "நம்பிக்கை இருக்கு சிஸ்டர். ஆனா பாக்காததுக்கு எப்படி கையெழுத்துப் போடறது?"

வடக்கே தலை

மறுநாள் காலை முதல் வேலையாக ரிப்போர்ட்டை ரோஸி மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டு வார்டுக்கு வந்தேன். ரோஸி எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். என்னோடு ஒரே வருஷம் படித்தவள். நான்கு பேருக்கு முன்னால்தான் அவள் மேடம்.

அன்றைக்குப் பெண்கள் பக்கம் யாழினியின் பொறுப்பு. பதினோரு மணிக்கு அவள் ஒரு நோயாளியை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிக்கொண்டு கீழே போனாள். அது பார்வையாளர் நேரம். பன்னிரண்டரை ஆகியும் அவள் வரவில்லை. சாப்பாட்டு வண்டியோ லிஃப்டில் ஏறிவிட்டது. சாப்பாட்டுக்கு முன் பெட் ஒன்பதுக்கு இன்சுலின் போயாக வேண்டும். நானே மருந்தை எடுத்தேன். கண்ணாடியும் போட்டிருந்தேன், கஸ்தூரி புண்ணியத்தில். பன்னிரண்டு யூனிட், சரியான அளவு. ஊசியோடு பெட் ஒன்பதுக்குப் போனபோதுதான் யாழினி உள்ளே நுழைந்தாள். "அப்புறமா வந்து கையெழுத்துப் போடு. நேத்து மாதிரி வம்பு பண்ணாதே" என்று நடந்துகொண்டே சொன்னேன். அவள் என் பின்னாலேயே வந்தாள்.

பெட் ஒன்பதில் நரைத்த தலை, கழுத்து வரை போர்வை, முகம் சுவர்ப் பக்கம். "அம்மா, ஊசி. கையக் காட்டுங்க" என்றேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டால் யாராக இருந்தாலும் கையை நீட்டிவிடுவார்கள். எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டார்கள். நான் பஞ்சால் துடைத்துவிட்டேன். "சிஸ்டர், பேரு கேட்டீங்களா?" என்றாள் யாழினி. "எனக்குத் தெரியாதா?" என்று பல்லைக் கடித்தேன். அவள் என்னைத் தாண்டிக் குனிந்து, "அம்மா, உங்க பேரு என்ன?" என்றாள். "விசாலாட்சி" என்றது போர்வை.

விசாலாட்சி பெட் பன்னிரண்டு. மந்தைவெளி டீச்சர். சர்க்கரையே கிடையாது. ஸ்கேன் எடுப்பதற்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வெறும் வயிற்றோடு படுத்திருந்தார். அவர் கையில்தான் பன்னிரண்டு யூனிட் இன்சுலினை இறக்க இருந்தேன்.

ஊசிக்கு மூடி போட முயன்றேன், மூடி நுனியில் போய் உட்காரவே இல்லை. யாழினி என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் பெட் பன்னிரண்டிலிருந்து கல்யாணி மாமி உற்சாகமாகக் கையை ஆட்டினார். அவர் ஃபிளாஸ்க், தலையணை, சுவாமி படம் எல்லாம் அங்கே குடியேறியிருந்தன. கேஸ் ஷீட்டுகள் மட்டும் பழைய கட்டில்களிலேயே தொங்கின. "நாங்கதான் எடத்த மாத்திண்டோம் சிஸ்டர். அந்தக் கட்டில்ல வடக்கேன்னா தலை வருது! அப்படிப் படுத்துண்டா ஆயுசு கொறஞ்சுடும்னு சொல்லுவா, அதான்."

காரணம் வேண்டும்

இதில் உங்களில் பாதிப் பேர் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊசி போடவில்லையே, அப்புறம் என்ன? எங்கள் தொழிலிலும் அதேதான். நடந்த தவறை எழுதுவோம். நடக்க இருந்ததைத் துடைத்துவிட்டுப் போய்விடுவோம். இரண்டு மணிக்கு ரோஸியின் அறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். என் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடு, வேறு எழுதித் தருகிறேன் என்றேன்.

ரோஸி அதைக் காலையிலேயே ஆபீசுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். "காலைலதான் ஒத்துழைப்பு இல்லன்னு எழுதி உள்ளே அனுப்பியிருக்கே. மத்தியானம் மாத்தணும்னா காரணம் எழுதணும், சாந்தா. நடந்தத எழுதினாத்தான் அது காரணம். எழுதினா, பெண்கள் பக்கம் இன்னிக்கு யார் பொறுப்புன்னு ஆபீஸ்ல பாப்பாங்க. யாழினி பேர்தான் இருக்கு. பெட்டு மாறினத அவ ஏன் கவனிக்கலன்னு கேப்பாங்க. எழுதாட்டி உனக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

எழுதாவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் 'வேண்டாம்'. பயமாக இருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். என் ஃபைலில் இதுவரை ஒரு மெமோ கிடையாது. அந்த இன்-சார்ஜ் நாற்காலிக்காக நான் இருபது வருஷம் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் சாமான் அறையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மல்லிகா அக்கா வந்து, கட்டில் மாற்றத் தலையணை தூக்கிக் கொடுத்தது தான்தான் என்று சொல்லி, தன் பேரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் பேரை நான் எழுதவில்லை. விசாலாட்சியின் நீட்டிய கை கண் முன்னால் வந்து வந்து போனது. எழுதினேன். பெயர் கேட்காமல் ஊசி போட இருந்தவர்: இன்-சார்ஜ் சாந்தா. இரண்டாவது கையெழுத்தைப் பின்னால் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை நடத்தி வந்தவர்: அவரே. தடுத்தவர்: யாழினி, கட்டில் மாறிய நேரத்தில் எக்ஸ்ரேவுக்குப் போயிருந்தவர்.

பத்து நாள் கழித்து மெமோ வந்தது. நாற்காலி போகவில்லை, ஆனால் மூன்று மாதம் என் வேலையைக் கவனித்து அறிக்கை தர வேண்டும் என்று ரோஸிக்கு உத்தரவு. ரோஸி அதைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கவில்லை. "ஐம்பத்திரண்டு வயசுல நீ ப்ரொபேஷன், சாந்தா. இனிமேலாவது சின்னப் பொண்ணுங்க கிட்ட கொஞ்சம் பணிவா நடந்துக்கோ."

தேதி

மெமோவோடு என் பழைய ரிப்போர்ட்டும் திரும்பி வந்தது. புதிதாக எழுதினேன். ஒத்துழைப்பு என்ற இடத்தில் என்ன போடுவது என்று வெகு நேரம் யோசித்து, 'இன்-சார்ஜ் சொன்னாலும் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை' என்று எழுதினேன். ரிப்போர்ட்டின் அடியில் சம்பந்தப்பட்டவரும் படித்துக் கையெழுத்திட வேண்டும்; கோபத்தில் பழையதை நான் இவளிடம் காட்டாமலே அனுப்பியிருந்தேன். இதற்கு முன் வந்த பெண்கள் நான் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டு ஓடுவார்கள். இவள் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவாள், நன்றி சொல்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன்.

"சிஸ்டர், கடைசியில டிக் போடலையே" என்றாள். பார்த்தேன். 'தொடரலாம்', 'வேண்டாம்' இரண்டும் காலி. உணர்ச்சிவசப்பட்டு எழுதியதில் முக்கியமானதையே விட்டிருக்கிறேன். இப்படியே உள்ளே போயிருந்தால் காலிக் கட்டத்துக்கு ஆபீசில் 'வேண்டாம்' என்றுதான் அர்த்தம். அவசரமாகப் பேனாவை எடுத்தேன். "ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்று தடுத்தாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அந்த மூணு சனிக்கிழமை லீவு, தி.நகர்ல ஜெர்மன் கிளாஸுக்கு. பரீட்சை பாஸானா ஒன்றரை வருஷத்துல அங்கேயே வேலைக்குப் போயிடுவேன். தெரியாம டிக் போட்டுட்டு நீங்க அப்புறம் வருத்தப்படக் கூடாது."

பேனா என் கையிலேயே நின்றது. இந்தக் காலத்துப் பெண்களுக்கு நம் ஆஸ்பத்திரி ஒரு பஸ் ஸ்டாப் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! சொன்னது உண்மைதான். கோபம் வர வேண்டும், வந்தது. ஆனால் அதோடு சித்தப்பாவும் வந்துவிட்டார். அவர் இரண்டாவது முறை இறந்தது, சவூதி போவதற்காக நான் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போன அன்று. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எங்கள் இன்-சார்ஜ் உச்சுக்கொட்டி, இரண்டு நாள் லீவு கொடுத்து, சுடுகாட்டு விவரம் எல்லாம் விசாரித்தார். பாஸ்போர்ட் வந்தது; நான்தான் போகவில்லை. அந்தப் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவில் கிடந்து காலாவதியானது. இதை யாழினியிடம் சொன்னேன். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் சிரிக்கவில்லை. "சித்தப்பாவ நான் விசாரிச்சதா சொல்லுங்க சிஸ்டர்" என்றாள்.

'தொடரலாம்' கட்டத்தில் டிக் போட்டேன். கண் கலங்கியிருந்தது, அதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று காகிதத்தை வேகமாக அவள் பக்கம் தள்ளினேன். அவள் பேனாவைத் திறந்தாள், மறுபடி மூடினாள், காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். "டிக்குக்குப் பக்கத்துல தேதி போடணும் சிஸ்டர்."

இப்போதெல்லாம் நானும் பதினான்கு கட்டிலிலும் ஊசிக்கு முன்னால் நின்று பெயர் கேட்கிறேன். யாழினி கேட்டபோது, "சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தலை" என்ற அதே வார்டு, நான் கேட்கும்போது, "பாவம், வயசாச்சு, ஞாபகம் பத்தலை" என்று சொல்லிவிட்டு மறக்காமல் பெயரையும் சொல்கிறது.